பன்னிரண்டு நாள் தீவு

டீயை நின்றுகொண்டு குடிக்கிறவர்களைக் கண்டால் அக்காவுக்கு ஆகாது. ஆம்பூரில் நாங்கள் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் டீக்கு விடுவது பத்து நிமிஷம். அதில் வரிசையில் நிற்பதற்கே ஆறு நிமிஷம் போய்விடும். மீதி நாலு நிமிஷத்தில் எல்லாரும் சுவரோரமாக நின்று, ஊதி ஊதி, நாக்கைச் சுட்டுக்கொண்டு விழுங்கிவிட்டு ஓடுவார்கள். அக்கா வீட்டிலிருந்தே ஃபிளாஸ்கில் கொண்டுவந்துவிடுவார். ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் மேடை இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பத்து நிமிஷத்தையும் முழுசாகக் குடிப்பார்.

"நின்னுக்கினு குடிச்சா அது டீ இல்ல, கஷாயம்" என்பார். "உக்காரு. நீ ரெண்டு நிமிஷம் லேட்டா போனா ஐரோப்பாவுல எவனும் வெறுங்காலோட நடக்கமாட்டான்."

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 'பிளானிங் அக்கா' என்றால் வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரைக்கும் தெரியும். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். பதினெட்டு வயதில் தையல் மெஷினில் உட்கார வந்தவர், நான் சேர்ந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார்; பிளானிங் பிரிவு முழுக்க அவர் கையில் இருந்தது. எந்த ஆர்டர் எந்த லைனில் என்றைக்கு ஓட வேண்டும், தோல் என்றைக்கு வந்து சேர வேண்டும், கண்டெய்னர் என்றைக்குத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும் எல்லாம் அவர் சொல்வதுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. தம்பியின் இரண்டு பிள்ளைகளையும் அவர்தான் படிக்க வைத்தார் என்பது மட்டும் தெரியும்.

நான் திமிரியிலிருந்து வந்து ஆம்பூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள். வெளிநாட்டு வியாபாரிகளின் மெயில்களுக்கெல்லாம் 'முடியும்' என்று பதில் போடுவது என் வேலை. நான் சொன்ன 'முடியும்' எப்படி முடியும் என்று மண்டையை உடைத்துக்கொள்வது அவர் வேலை. நியாயப்படி நாங்கள் சண்டைக்காரர்களாக இருந்திருக்க வேண்டும். சேர்ந்த இரண்டாவது வாரம், அழாத குறையாக அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். ஒரு வியாபாரி பத்து நாள் முன்கூட்டியே சரக்கைக் கேட்டிருந்தான், நானும் சரி என்று எழுதிவிட்டிருந்தேன். அக்கா என்னைத் திட்டவில்லை. "சாப்டியா?" என்று கேட்டார். "மொதல்ல போயி சாப்டு. பசியோட பிளான் போட்டா எல்லாமே கிட்ட கிட்டதான் தெரியும்."

சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஏழு நாள் முன்கூட்டித் தர முடியும் என்று ஆனது. வியாபாரி அதையே ஒத்துக்கொண்டான்.

அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய போர்டு. மேலே தேதிகள், கீழே லைன்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கலர். அந்தக் கலர்களுக்கு நடுவே வாரத்துக்கு ஓர் அரைநாளை வெள்ளையாகவே விட்டிருப்பார். புதிதாக வந்த ஜெனரல் மேனேஜருக்கு அந்த வெள்ளை கண்ணை உறுத்தியது.

"இது இன்னாம்மா, வியாழக்கிழமை மத்தியானம் காலியா கெடக்குது?"

"காலி இல்ல சார். எதனா ஒண்ணு கெட்டுப்போவும். அதுக்கு எடம் வேணாமா?"

"கெட்டுப்போகாம பாத்துக்கத்தானே நீங்க இருக்கீங்க?"

அக்கா சிரித்துவிட்டு, "நான் இருந்தாலும் கெட்டுப்போவும் சார்" என்றார்.

அந்த மாதமே உள்பக்கம் வைக்கிற தோல் ஒரு லோடு கலர் மாறி வந்துவிட்டது. பழுப்பு கேட்டால் செங்கல் நிறம். திருப்பி அனுப்பி மாற்றி வாங்குவதற்குள் ஒரு லைன் நின்றுபோனது. அந்த வியாழக்கிழமை வெள்ளையில்தான் எல்லாவற்றையும் ஓட்டி முடித்தோம். கப்பல் தவறவில்லை. முதலாளி ஜெனரல் மேனேஜரின் தோளில் தட்டிக்கொடுத்தார். அடுத்த மாதம் அதே மேனேஜர், அந்த வெள்ளையில் ஒரு சின்ன ஆர்டரைப் போடச் சொல்லி அனுப்பினார். அக்கா வெள்ளையை அடுத்த நாளுக்கு நகர்த்திவிட்டு ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார்.

அவர் சோம்பேறி இல்லை. அவரைப்போல வேலை செய்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அவசரம்தான் அவருக்கு ஆகாதது. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு எல்லாரும் ஓடிவந்து தொற்றிக்கொள்ளும்போது, அவர் கால்மணி நேரம் முன்னாலேயே வந்து ஸ்டாப்பில் நின்றிருப்பாராம். "ஓடிப்போய் ஏறுனா அன்னைக்குப் பூரா ஓடிக்கினே இருக்கற மாதிரி இருக்குது" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஆபீஸ் பெண்களெல்லாம் சேர்ந்து வேன் பிடித்து ஏலகிரிக்குப் போனோம். ஒரே நாளில் ஏரி, பூங்கா, கோயில், வியூ பாயிண்ட், திரும்பும்போது ஜலகம்பாறை அருவி என்று பட்டியல். ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மழைக்காலத்து மேகம் இறங்கி எதிர்க்கரை தெரியவில்லை. இங்கே ஒன்றுமில்லை என்று எல்லாரும் வேனில் ஏறினார்கள். அக்கா மட்டும் கரையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கயே இருக்கறேன்."

அவரைத் தனியாக விட மனசில்லாமல் நானும் இருந்தேன். முதல் அரைமணி நேரம் எனக்குப் பேஜாராக இருந்தது. ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அக்கா வேர்க்கடலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரித்தார். ஒருமணி நேரம் போயிருக்கும். எதிர்க்கரையில் ஒரு மரம் தெரிந்தது. அப்புறம் இரண்டு. பிறகு யாரோ போர்வையை உருவினதுபோல மேகம் மொத்தமும் தண்ணீர்மேல் நகர்ந்துபோய், மலை முழுசும் ஈரப் பச்சையாக எழுந்து நின்றது. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"பாத்தியா?" என்றார் அக்கா. வேனில் போனவர்கள் மூன்று இடம் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்களில் யாருக்கும் அந்த நாள் ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை.

தீவு எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு போர்த்துகல்காரர் மூலமாக. ஷூ காலில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கிற நிபுணர். வியாபாரி தரப்பிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து ஒரு வாரம் தங்குவார். வெள்ளை மீசை, பெரிய தொப்பை. ஆம்பூர் பிரியாணிக்காகவே வருகிறேன் என்பார். ஒருநாள் மத்தியானம் அவர் ஃபோனில் சொந்த ஊர்ப் படங்களை எங்களுக்குக் காட்டினார். அட்லாண்டிக் கடலின் நடுவில், அசோர்ஸ் தீவுகளில் ஒன்று. சாவோ மிகேல் என்று பெயர். எரிமலை கக்கிக் கக்கி எழுந்த தீவு. இப்போது அந்த வாய்களிலெல்லாம் ஏரி. அவற்றில் ஒன்று நடுவில் பாலம் போட்டு இரண்டாகப் பிரிந்திருக்கிறது; ஒரு பாதி நீலம், ஒரு பாதி பச்சை. ரோட்டோரமெல்லாம் நீலப் பூக்கொத்துகள். மாடுகள் மனுஷர்களைவிட ஜாஸ்தி. மண்ணைத் தோண்டி அண்டாவை இறக்கி மூடினால் பூமிச் சூட்டிலேயே சாப்பாடு வெந்துவிடும்.

"எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று அக்கா கேட்டார். அது அவருடைய தொழில் கேள்வி. நான் இங்கிலீஷில் சொன்னேன்.

"ஆறு மணி நேரம்" என்றார் அவர். "அதுவரைக்கும் உட்கார்ந்திருப்போம். வேறென்ன செய்ய? ஏரியின்மேல் மேகம் வந்தாலும் அப்படித்தான். உட்கார்ந்திருப்போம்."

நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்கா அந்த மனிதரையே கொஞ்ச நேரம் பார்த்தார். தன் ஊர்க்காரர் ஒருவரை எதிர்பாராத இடத்தில் சந்தித்தவர் பார்க்கிற பார்வை அது.

அடுத்த தடவை வந்தபோது அவர் அக்காவுக்குத் தீவின் மேப் ஒன்று கொண்டுவந்தார். அன்றிலிருந்து மூன்று வருஷம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கிற கால்மணி நேரத்தில் நாங்கள் இருவரும் அந்தத் தீவில் இருந்தோம். கம்ப்யூட்டரில் ரோடு ரோடாகப் படம் பார்க்கிற வசதி இருக்கிறதே, அதில் அக்கா நடந்தேபோவார். ஒரு கிளிக், பத்து அடி. இன்னொரு கிளிக், இன்னும் பத்து அடி. "நேரா ஊருக்குப் போய்டலாம்க்கா" என்று நான் மவுஸைப் பிடுங்கப்போனால் கையைத் தட்டிவிடுவார்.

ஒரு வளைவில், கல்சுவர் வீட்டு வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். படத்தில் அவள் முகத்தை மறைத்திருந்தார்கள். அக்காவுக்கு அவள்மேல் ஒரு பிரியம் விழுந்துவிட்டது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அங்கே நிற்போம்.

"மூஞ்சி தெரியல பாரு. நேர்ல போயிதான் பாக்கணும்."

பிளானும் போட்டார். ஆர்டருக்குப் போடுவதுபோலவே கம்ப்யூட்டரில் கட்டம் கட்டி. மொத்தம் பன்னிரண்டு நாள். முதல் நாளுக்கு எதிரே 'ஒன்றுமில்லை. போய்ச் சேருவது' என்று எழுதியிருந்தார். இரண்டாம் நாள், தங்கியிருக்கும் தெருவில் நடப்பது. நாலாம் நாள் இரட்டை ஏரி. ஐந்தாம் நாளுக்கு எதிரே, 'நேற்று மேகமாக இருந்திருந்தால் மறுபடி ஏரி. இல்லாவிட்டால் சும்மா.' ஏழாம் நாள் மண்ணில் வேகிற சாப்பாடு, காலையிலிருந்தே அங்கே போய் உட்காருவது. "கறியெல்லாம் நீ துன்னு. கோசும் கெழங்கும் எனக்கு" என்று அதையும் எழுதிவைத்திருந்தார். ஒன்பதாம் நாள் தேயிலைத் தோட்டம்.

"பன்னெண்டு நாளா? எங்க வீட்ல மூணு நாளைக்கு மேல விடமாட்டாங்கக்கா" என்றேன்.

"மூணு நாளுன்னா அது டூர் இல்லடி, டெலிவரி" என்றார்.

ரிட்டையர் ஆனதும் இருவரும் போவது என்று பேச்சு. அதற்கு இன்னும் இரண்டரை வருஷம் இருந்தது. நான் விளையாட்டாகத்தான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது எவ்வளவு நிஜம் என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த வருஷம் வியாபாரி எங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு பேரை மூன்று வாரப் பயிற்சிக்குப் போர்த்துகலுக்கு அனுப்பச் சொன்னான். ஜெனரல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இங்கிலீஷ் பேசுவதற்கு நான் போவது முடிவாகிவிட்டிருந்தது.

"இன்னொருத்தர் பிளானிங் அம்மாதான் போகணும், சீனியர். அவங்களால முடியுமா? அங்க எல்லாம் வேகமா இருக்கும். நீ இன்னா சொல்ற?"

நான் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "வீட்ல விடமாட்டாங்க சார். தம்பி குடும்பம் இருக்குது. இங்கிலீஷும் கொஞ்சம் கம்மி."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். முதல் வெளிநாட்டுப் பயணம். ஏர்போர்ட்டில், ஹோட்டலில், மீட்டிங்கில் நிதானமாக நடந்துவருகிற ஒருவரோடு நானும் நின்று நின்று போக வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம், பெரிதாக ஒன்றுமில்லை. தோல் வெட்டுகிற பிரிவின் கட்டிங் சூப்பர்வைசர் என்னோடு வருவது என்று முடிவானது.

அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தப் பன்னிரண்டு நாள் பிளானைப் பிரிண்ட் எடுத்து, பின் அடித்துக் கையில் கொடுத்தார். நடுவில் லீவு வருவதால் எங்களை இரண்டு நாள் தீவுக்கு அனுப்பிவைப்பதாகப் போர்த்துகல்காரர் சொல்லியிருந்தது அவருக்குத் தெரியும்.

"நீ முன்னாடி போய் பாத்துட்டு வா. எது தப்பா இருக்குதோ சொல்லு, திருத்திக்கலாம். எல்லாத்தயும் பாக்க முடியாது. நாலாம் நாள மட்டும் ஒழுங்கா பாத்துட்டு வா."

தீவில் எங்களுக்கு டிரைவரோடு ஒரு கார் கிடைத்தது. கட்டிங் சூப்பர்வைசர் ஃபோனில் ஒரு பட்டியல் இறக்கி வைத்திருந்தார். பதினைந்து இடம். ஒன்றில் இறங்குவோம், போட்டோ எடுப்போம், ஏறுவோம். வெந்நீர் ஊற்று கொப்பளிக்கிற ஊரில், எங்கள் ஊரில் தோல் பதனிடுகிற டேனரிக்குப் பக்கத்தில் போனதுபோல ஒரு கந்தக நாற்றம். "நம்ம ஊரு வாசனைதான்" என்று அவர் மூக்கைப் பிடித்தார், சிரித்தோம். மண்ணிலிருந்து அண்டாவை எடுப்பதைப் பார்க்க இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். பர்கர் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

இரண்டாம் நாள் காலை இரட்டை ஏரிக்குப் போனோம். மலைமேல் வியூ பாயிண்டில் காரை நிறுத்தினால் முன்னால் வெறும் வெள்ளை. கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு, அரைமணியிலும் விலகலாம், மத்தியானமும் ஆகலாம், காத்திருக்கலாம் என்றார்.

"மேகத்த பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்? இன்னும் ஆறு ஸ்பாட் இருக்குது" என்றார் சூப்பர்வைசர்.

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்காவின் காகிதம் என் பைக்குள்தான் இருந்தது. நாலாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் எதிரே எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். சாயங்காலம் விமானம். போகலாம் என்று டிரைவரிடம் இங்கிலீஷில் சொன்னது நான்தான்.

திரும்பி வந்த திங்கட்கிழமை டீ நேரத்தில் அக்கா மேடையில் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்திருந்தார். கைப்பை மடியில் இருந்தது. முகம் கல்யாணத்துக்குக் கிளம்பினவர்போல இருந்தது.

"சொல்லு. மொத நாள்லருந்து சொல்லு."

எனக்கு வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. அவருக்குக் கிடைக்க வேண்டிய இடத்தில் நான் போய்விட்டு வந்திருக்கிறேன். அங்கே போயும் அவர் சொன்ன ஒன்றைக்கூடச் செய்யவில்லை. அழகாக இருந்தது என்று சொன்னால் அவர் மனசு கஷ்டப்படும், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் போகாததில் அவருக்கு வருத்தம் இருக்காது என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

"பெருசா ஒண்ணுமில்லக்கா. ரெண்டு நாள்லயே எல்லாம் பாத்து முடிச்சுட்டோம். சின்னத் தீவு."

"ஏரி?"

"பாத்தோம்க்கா. நம்ம ஏலகிரி மாதிரிதான். போட்டோவுலதான் அந்தக் கலரெல்லாம். இதுக்குப் போயி பன்னெண்டு நாள் ஜாஸ்திக்கா."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு நாள்லயே முடிஞ்சுட்ச்சா" என்றார். பிறகு, "நல்லதா போச்சு, நீ பாத்துட்டு வந்தது" என்றார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். மணியடிக்க இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் அந்தத் தீவுக்கு நாங்கள் போகவில்லை. நானாக ஒருநாள், "அந்தத் துணி காயப்போடற பொம்பளைய பாக்கலாமாக்கா?" என்று கேட்டேன். "வேலை கெடக்குது" என்றார். அவர் வேலை கெடக்குது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு வருஷத்தில் அவர் ரிட்டையர் ஆனார். நான் ராணிப்பேட்டையில் வேறு கம்பெனிக்கு மாறினேன். கல்யாணம், குழந்தை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஃபோனில் பேசுவதோடு சரி. ரிட்டையர் ஆனபோது அவருக்கு வந்த பணத்தில் தம்பி இன்னும் இரண்டு விசைத்தறி போட்டார் என்று கேள்விப்பட்டேன். போன வருஷம் ஃபோன் செய்தபோது தம்பி மனைவி எடுத்தார்.

"அண்ணி வேலூருக்குப் போயிருக்காங்க. டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு நாளு. கிட்னி போயிட்ச்சும்மா, உனக்குத் தெரியாதா?"

ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வேலூருக்குப் போனேன். நீளமான ஹாலில் வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மெஷின். அக்கா பாதியாக இளைத்திருந்தார். இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள் போயின. என்னைப் பார்த்ததும், "வாடி, உக்காரு. நாலு மணி நேரம் ஆவும். மத்தவங்களுக்கெல்லாம் பேஜாரா இருக்குது. எனக்கு உக்கார்றது ஒண்ணும் புதுசில்ல" என்று சிரித்தார்.

குழந்தையைப் பற்றிக் கேட்டார். கம்பெனியைப் பற்றிக் கேட்டார். எல்லாம் சொன்னேன். அப்புறம், எதற்காக வந்தேனோ அதைச் சொன்னேன். முதலில் ஜெனரல் மேனேஜரிடம் நான் சொன்ன பதில்.

"அது அப்பவே தெரியும்" என்றார். "சாரே சொன்னாரு. உங்களுக்கு வீட்ல கஷ்டமாமே, அந்தப் பொண்ணு சொல்லிச்சுன்னு. சரி, சின்னப் பொண்ணு, தனியா போவணும்னு ஆசைன்னு விட்டுட்டேன்."

தெரிந்துகொண்டுதான் அந்தக் காகிதத்தைப் பின் அடித்து என் கையில் கொடுத்திருக்கிறார். மிச்சத்தையும் சொன்னேன்.

"ஏரிய நான் பாக்கலக்கா. அன்னைக்கு மேகமா இருந்துச்சு. காத்திருக்கல. எதையுமே சரியா பாக்கல. உங்களுக்கு வருத்தமா இருக்கக்கூடாதுன்னு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

அக்கா மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சிவப்பாக ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் எதிர்பார்த்தது அவருடைய சிரிப்பை. முதல் விஷயத்தை எப்படித் தள்ளிவிட்டாரோ அப்படி இதையும் தள்ளிவிடுவார் என்று.

"பாக்கவே இல்லியா" என்றார்.

"இல்லக்கா."

"நீ ஊர்ல இல்லாதப்ப பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருந்தேன். போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரிச்சுட்டுப் போனாரு, தெருவே வேடிக்கை பாத்துச்சு. தம்பி கிட்ட சொல்லிட்டேன், ரிட்டையர் ஆனதும் பன்னெண்டு நாளு நான் ஊர்ல இருக்கமாட்டேன்னு. நீ வந்த அன்னைக்கு அந்தப் பாஸ்போர்ட்டு என் பையிலதான் இருந்துது. உன் கிட்ட காட்டலாம்னு எடுத்தாந்திருந்தேன்."

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"வேற எவளாச்சும் சொல்லியிருந்தா நம்பியிருக்கமாட்டேன்டி. ஏலகிரியில என்கூட உக்காந்தவளாச்சேன்னு நம்புனேன்." குரல் ஏறவில்லை. "அதான் எல்லாத்தயும் மூடிட்டேன். இப்ப வெள்ளிக்கிழமை மெஷின்ல ஏத்துனா திங்கக்கிழமை இங்க வந்துடணும். நடுவுல எனக்குக் கெடைக்கிறது ரெண்டே நாளு."

மன்னிப்பு என்று ஏதோ சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. நர்ஸ் வந்து குழாயைச் சரிபார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே என் பக்கம் திரும்பினார்.

"சரி, அந்த மேகமாச்சும் சொல்லு. எப்டி இருந்துது? முகத்துல ஈரம் பட்டுதா? கீழ தண்ணி சத்தம் எதனா கேட்டுச்சா?"

அவர் கேட்டது கோபத்தில் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். காரின் கண்ணாடி ஞாபகம் வந்தது. அதில் துடைப்பான் ஓடியது ஞாபகம் வந்தது.

"தெரியலக்கா" என்றேன். "நான் வண்டிய விட்டு எறங்கல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மெஷின் முடிய இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. பையில் என் ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தூங்குகிறாரா, என்னைப் பார்க்கப் பிடிக்காமல் இருக்கிறாரா என்று தெரியாமல் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாம் முடிந்து, கையில் பஞ்சு வைத்துக் கட்டிய பிறகு கண்ணைத் திறந்தார்.

"இன்னும் போவலியா நீ?"

"அடுத்த புதன்கெழமையும் வர்றேன்க்கா. நாலு மணி நேரமும் இருக்கறேன்."

"வா" என்றார்.

அந்தப் புதன்கிழமை எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார். என்னால் போக முடியவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை போனேன். ஞாயிற்றுக்கிழமையே அக்கா தவறிவிட்டார் என்று நர்ஸ் சொன்னாள். அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.